இரு திணைக்களங்களுக்கு நடுவே ஒரு பற்சிகிச்சை அறை

உயிர்தோறும் ஒளியாய் உறைந்தும் உருவொன்றில் அடங்காத பெருமானின் திருவடிகளை முதற்கண் வணங்குகிறேன். சொல்லப் புகுந்ததைக் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்ல அவனருள் துணைநிற்பதாக.

சென்ற பிரதோஷத்தன்று ஆலயத்திலிருந்து வீடு திரும்பியபோது கண்டாவளைப் பக்கத்துப் பாடசாலை அதிபர் தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, றீற்றா மிஸ் காலமை போயிட்டா" என்றார். முல்லைத்தீவுக் கரையோரத்து மீன்பிடிக் குடும்பமொன்றில் பிறந்த றீற்றா மிஸ், மீள்குடியேற்றத்திற்குப் பின் அப்பாடசாலை வளவிலிருந்த பற்சிகிச்சை அறைக்குச் சிகிச்சையாளராக வந்தார். அதே பதவியிலேயே இறுதிவரை இருந்தார். தம் ஊர்த் தேவாலயத்துச் சேமக்காலையில் அடக்கமானார்.

அவரை அறிந்தவர்கள் அந்த அறையின் கதையையும் அறிவீர்கள். கட்டடம் கல்வித் திணைக்களத்தின் காணியில் நின்றது. உள்ளே நடந்த பணி சுகாதாரத் திணைக்களத்துக்குரியது. கூரை ஒழுகியபோது, கட்டடம் தம்முடையதன்று எனச் சுகாதாரப் பகுதியினர் எழுதினர். பணி எம்முடையதன்று எனக் கல்விப் பகுதியினராகிய நாம் எழுதினோம். அக்காலத்தில் திட்டமிடற் கிளையிலிருந்து அக்குறிப்பை எழுதியவன் நானே. இரு திணைக்களங்களும் பொறுப்பைப் பகிரும் கொள்கை எதுவும் கடதாசியில் இல்லை. ஆகவே நான் எழுதியது விதிப்படி சரியானது.

ஒருநாள் அவர் அலுவலகத்திற்கு நேரில் வந்தார். பொறுத்திருக்குமாறு கூறிய நான், உடம்பே இறைவன் உறையும் ஆலயம் என்று பெரியோர் பாடியதை விரித்துரைத்து, அவர் செய்வது திருப்பணி என்று பாராட்டினேன். முழுவதையும் கேட்டிருந்துவிட்டு, "அப்ப அந்தக் கோயிலுக்குக் கூரையைப் போட்டுத் தாங்கோ ஐயா. சாமி நனையுது" என்றார். பக்கத்து மேசை எழுதுவினைஞர் சிரிப்பை அடக்கக் கோப்பொன்றைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

அடுத்த மாரியில் அறை மூடப்பட்டது. சிகிச்சைக் கதிரையைத் தறப்பாளால் போர்த்திவிட்டு, வகுப்பறை மூலையில் பிள்ளைகளின் வாயைப் பார்க்க மட்டுமே அவரால் முடிந்தது. வேறொரு அலுவலாக நான் அங்கு சென்ற நாளில் எனக்குக் கடைவாய்ப்பல் கடுமையாக நொந்தது. ஏதாவது செய்ய இயலுமா என்று கேட்டேன். சிறு கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார். "பல்லில பெரிய ஓட்டை. ஆனா இது பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கான சேவை ஐயா. உங்களுக்கு வயது கொஞ்சம் கூடிப்போச்சு. விதியை மீறச் சொல்லுவியளே?" என்றார். நோ மாத்திரை இரண்டைக் கடதாசியில் சுற்றித் தந்து, நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ் எத்தனை மணிக்கென்றும் சொன்னார்.

அந்தப் பஸ்ஸில் கன்னம் வீங்கிய சிறுமியொருத்தியை மடியில் கிடத்தியபடி ஒரு தாய் இருந்தார். மகள் இரண்டு நாளாய்ச் சோறு தின்னவில்லை என்றும், கூலி வேலையை விட்டுவிட்டு வருவதாகவும் சொன்னார். "மிஸ்ஸின்ர அறை திறந்திருந்தா நடந்து போயிருப்பம். கட்டடம் ஆருடையது எண்டு பெரியாக்கள் இன்னும் முடிவெடுக்கேல்லையாம்" என்றார். குழிகளில் பஸ் விழுந்தெழும்போதெல்லாம் பிள்ளையும் நானும் ஒருசேர முனகினோம். நான் யாரென்று அத்தாயிடம் சொல்லவில்லை.

மறுநாள் முன்னைய குறிப்பை நானே மறுத்து எழுதினேன்: உரிமைப் பிணக்குத் தீரும்வரை திருத்தவேலையைக் கல்விப் பகுதி ஏற்கலாம். பின்னர் விளக்கம் கோரி மேலிடத்துக் கடிதம் வந்தது, விளக்கினேன். கூரை வேயப்பட்ட செய்தியைச் சொல்ல மகிழ்வுடன் சென்றேன். நன்றியொன்றை எதிர்பார்த்தேன் என்பதை மறைப்பதற்கில்லை. அவர் அண்ணாந்து பார்த்து, "வடிவாய்ப் போட்டிருக்கினம். இனிக் கிணத்து மோட்டருக்கு எழுதுங்கோ ஐயா. தண்ணியில்லாமல் என்னெண்டு வாய் கொப்பளிக்கிறது?" என்றார்.

அன்று சற்று மனம் வருந்தினேன். மோட்டருக்கும் எழுதினேன். அதன்பின், கேட்டது கிடைத்ததும் அடுத்ததைக் கேட்கும் அவ்வழக்கத்தில் பேராசை இல்லை என்பதும், பெற்றவை எவையும் அவருக்காகக் கேட்டவை அல்ல என்பதும் எனக்கு மெல்ல விளங்கின. அவரிடம் ஒருபோதும் அதைச் சொன்னதில்லை.

இப்போது அறையில் கூரை இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, ஆள் இல்லை. பிள்ளைகள் தொகை குறைவாகையால் அவ்விடத்துக்குப் புதிய நியமனம் அவசியமில்லை என்று ஆலோசிக்கப்படுவதாக அறிகிறேன். ஓய்வுபெற்றவனின் எழுத்துக்குப் பெறுமதி சொற்பமே. எனினும் அவரிடமிருந்து எனக்கு எஞ்சியது அந்தக் கேட்கும் வழக்கம் ஒன்றுதான். ஆகவே இரு திணைக்களங்களுக்கும் தனித்தனியே கடிதம் எழுதி, நேற்றுப் பதிவுத் தபாலில் சேர்த்தேன். அவரது முப்பத்தோராம் நாள் நினைவுக்குக் கூடும் அன்பர்கள் தாங்களும் ஒவ்வொன்று எழுதுவார்களாக.

இதனை வாசிக்கும் உங்கள் இல்லங்களில் அடுப்பு அணையாதிருப்பதாக. உங்கள் பிள்ளைகள் நோவின்றி உண்டு, நோவின்றி உறங்கி எழ, எல்லாம்வல்ல இறைவன் காத்தருள்வானாக.