இருட்டுப் பெட்டிக்குள் மறுபடியும் போன எலி

தாம்பரத்தில் ஒரு காலேஜில் ஆராய்ச்சி எலிகளின் கூண்டைக் கழுவுவது என் வேலை. யாரிடமும் பேசக் கூச்சம், ஆனால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பேன். எலிக்கு இருட்டு பிடிக்கும். இருட்டுப் பெட்டிக்குள் நுழைந்ததும் காலில் லேசாக ஷாக் கொடுப்பார்கள். மறுநாள் அது வாசலிலேயே தயங்கி நிற்கும். ஒரு நாள் ஒரு எலிக்கு முதலில் ஊசியில் சாராயம் ஏற்றிவிட்டு ஷாக் கொடுத்தார்கள். கீச்சென்று கத்தியது. மறுநாள் போதை தெளிந்தும் நேராக உள்ளே போய்விட்டது!

ஆராய்ச்சி செய்கிற பெண்ணிடம் கேட்டேவிட்டேன். “ஏம்மா, நேத்து அதுக்கு வலிக்கலியா?”

“வலிச்சுது ஆயாம்மா. குடிச்சிருந்ததால மனசுல பதியல.”

“நடிக்குதோ இன்னாவோ?”

சிரித்தாள். “எலிக்கு நடிக்கத் தெரியுமா?”

என் மகன் குடித்துவிட்டு வந்து மருமகளை அடிப்பான். காலையில், “ஞாபகமே இல்லம்மா” என்பான். பொய் சொல்கிறான், என்றைக்காவது வெட்கப்பட்டுத் திருந்துவான் என்றே இருந்தேன்.

அன்று ராத்திரியும் அடித்தான். மறுநாள் காலை மருமகளுடைய வீங்கின கையைக் காட்டி, நடந்ததையெல்லாம் அவனிடம் சொன்னேன்.

“நானா?” என்றான். முகத்தில் பொய் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மனசில் பதியாததற்கு அவன் எப்படி வெட்கப்படுவான்?

அன்றைக்கே மருமகளைப் பொழிச்சலூரில் அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டேன்.