அப்பா வராத கல்யாணம்

அப்பா பிறந்தது திருவெள்ளறையில். அரசு பஸ்ஸில் நடத்துநராக இருபத்தெட்டு ஆண்டுகள் நின்றே வேலை பார்த்தார். ஓய்வு பெற்று ஸ்ரீரங்கத்தில் குடியேறிய பிறகு மலக்குடலில் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆபரேஷன் செய்து கட்டியை எடுத்து, மீதிக் குடலை இணைத்தார்கள். சில மாதம் மலம் வெளியேற வயிற்றில் பை இருந்தது. அதை எடுத்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினோம்.

ஆகவில்லை. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை கழிவறைக்கு ஓடுவார்; வந்து உட்காருவதற்குள் மறுபடி வரும். அடக்க முடியாது. மாத்திரையில் கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். பஸ்ஸிலேயே வாழ்ந்த மனிதர் அதன் பிறகு பஸ் ஏறவே இல்லை. நானும் அலுத்துப்போய் ஒரு நாள், எத்தனை தடவைதான் துவைப்பது என்று கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து தன் துணியைத் தானே அலசினார். அதை நினைத்தால் என் மேலேயே எனக்கு வெறுப்பு வருகிறது.

அத்தை மகள் கல்யாணம் தாய்மாமன் இல்லாமல் நடந்தது உறவினர் எல்லோருக்கும் தெரியும். அண்ணனுக்கு என்ன கோபம் என்று அத்தை கேட்டபோது நான் வாய் திறக்கவில்லை. அப்புறம் அத்தை எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. கடைசியில் அப்பாவின் உடலைப் பார்க்கத்தான் வந்தார்.

நடந்தது இதுதான். முதல் நாள் மதியத்திலிருந்தே அப்பா சாப்பிடவில்லை. காலையில் பட்டு வேட்டி கட்டி, சீர்த்தட்டுகளோடு என்னுடன் காரில் ஏறினார். மண்ணச்சநல்லூர் தாண்டியதும் டிரைவரிடம் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்குவதற்குள் ஆகிவிட்டது. மாற்று வேட்டி கட்டிக்கொண்டு வந்து சொன்னார்.

“மேடையில இப்படி ஆச்சுன்னா புள்ளையோட கல்யாண நாளே கெட்டுப்போயிரும்மா. நீ மட்டும் உள்ள போ.”

அத்தையிடம் என்ன சொல்ல என்று கேட்டேன்.

“கோவம்னு நெனச்சிக்கட்டும். இதை மட்டும் சொல்லாத.”

மண்டபத்தில் என்னை இறக்கிவிட்டார். நான் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

மறுபடி நோய் வந்து கல்லீரலுக்குப் பரவி, அப்பா போய் ஒரு வருடமாகிறது. பொறுமையாகப் பார்த்துக்கொண்ட நர்ஸ் அம்மாவுக்கும், வாசல் பக்கத்துக் கழிவறையை அப்பாவுக்காகப் பூட்டாமலே வைத்திருந்த பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அத்தை, அப்பா சொன்னதை இன்று மீறிவிட்டேன். இன்னொன்றும் உங்களுக்குத் தெரிய வேண்டும். கார் டிரைவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். என்னை இறக்கிவிட்டதும் அப்பா வீட்டுக்குத் திரும்பவில்லை. மண்டபத்துக்கு எதிரே வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு, கெட்டிமேளம் கேட்கும்வரை கையெடுத்துக் கும்பிட்டபடி உட்கார்ந்திருந்தாராம்.