ஜெமிமாவின் ஈரத்துணி

வாளியில் நனைத்த துணியைப் பிழிந்து எதிரே நிற்கும் பெண்ணின் கையில் கொடுத்துவிட்டு, ஜெமிமா இரண்டடி தள்ளி நின்றுகொள்கிறாள். சுவரில் சாக்பீஸ் கோடுகளாக இருப்பது அந்தப் பெண்ணின் சொந்தக் கதை. "நல்லா பாருங்க. வேணாம்னு தோணுறத தொடச்சிடுங்க. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்" என்பாள். துணி தன் கைக்குத் திரும்பி வந்த பிறகுதான் பெயிண்ட் டப்பாவைத் திறப்பாள்.

திருத்தணி மலையடிவாரத்தில், நீண்ட மதில் ஒன்றில், சுற்றுவட்டாரப் பெண்களின் வாழ்க்கையை வரைந்துகொண்டிருக்கிறாள். நாற்பத்தேழு வயது. கடைப் பலகை எழுதிப் பழகிய கை. பிரஷ்ஷைக் கொண்டையில் செருகிக்கொண்டு ஊரெல்லாம் அதையே தேடுவாள்.

எதிர் டீக்கடைக் கண்ணையன் சீண்டாத நாளில்லை. "இன்னாம்மா ஜெமிமா, ஒரு நாளு வரையற, ஒம்போது நாளு அழிக்க வுடுற. எப்பத்தான் முடிப்ப?"

"பெயிண்டுதாண்ணா என்னுது. கத அவங்களுது."

அந்த ஈரத்துணிக்குப் பின்னால் பெரும் கண்ணீர் இருக்கிறது. மூன்று வருடங்களுக்கு முன் பொதட்டூர்பேட்டையில் இதேபோல் ஒரு சுவர். நெசவு வீட்டுப் பத்மா, புருஷன் தன் கையை முறித்ததை முதன்முதலாக ஜெமிமாவிடம்தான் சொன்னாள். "வரைஞ்சிக்கோக்கா. ஆனா நான்னு தெரியக்கூடாது." ஜெமிமா அவள் பெயரை எழுதவில்லை, முகமும் காட்டவில்லை. கையில் கட்டோடு, தறி முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு பெண், அவ்வளவுதான். ஆனால் தறியிலிருந்த லுங்கியைப் பார்த்தது பார்த்தபடி வரைந்துவிட்டாள். பச்சைக் கட்டத்தில் இரட்டைச் சிவப்புக் கோடு, பத்மா வீட்டுத் தறிக்கே உரியது.

நெசவுக்கார ஊர் முகத்தை மறந்தாலும் மறக்கும், கட்டத்தை மறக்குமா? "இது பத்மா ஊட்டு கட்டமாச்சே!" என்று யாரோ சிரித்தார்கள். அன்று மாலையே பத்மா இரண்டு பிள்ளைகளோடு கனகம்மாசத்திரத்துக்கு, தாய் வீட்டுக்கு பஸ் ஏறினாள். ஜெமிமா அழுதுகொண்டே அந்தச் சுவர் முழுவதையும் தன் கையால் வெள்ளையடித்தாள்.

போன வாரம் அந்தப் பத்மாவே வந்து நின்றாள், முந்தானையால் தலையை மூடிக்கொண்டு. "இப்ப தனியா தறி போட்டுகினு கீறேன்க்கா. என்னையும் வரை."

ஜெமிமா சாக்பீஸை எடுத்தாள். அதே பெண்ணை, அதே முதுகோடு வரைந்தாள். தறியிலிருந்த துணியை மட்டும் கோடில்லாமல் வெறுமையாக விட்டாள். ஈரத்துணியைப் பிழிந்து நீட்டினாள்.

பத்மா வெகுநேரம் பார்த்தாள். பிறகு படத்திலிருந்த நீளச் சடையை ஒரே இழுப்பில் துடைத்தாள்.

"இம்மாம் முடி எனக்கு ஏதுக்கா? மலைமேல முருகனுக்கு குடுத்துட்டு இப்பதான எறங்கிகினு வர்றேன்!"

முந்தானையைத் தள்ளினாள். சந்தனம் பூசிய மொட்டைத் தலை வெயிலில் பளபளத்தது. டீ ஆற்றிக்கொண்டிருந்த கண்ணையனின் கை அந்தரத்தில் நின்றது. ஜெமிமா துணிக்காகக் கை நீட்டினாள்.

"தொடச்சாச்சா பத்மா?"

"ஆங். தொடைக்கறதுக்கு அவ்ளோதான்."

ஈரத்துணியை ஜெமிமாவின் தோளில் போட்டாள் பத்மா. சாக்பீஸ் பெட்டியைக் கிளறிச் சிவப்பு ஒன்றை எடுத்தாள். படத்தில் வெறுமையாய் இருந்த தறித் துணியின் மேல், நெருக்கமாக, இரண்டு கோடுகள் இழுத்தாள்.