செல்வி ஊதச் சொன்ன குழாய்

எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான்; படித்தது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். அப்பாவின் பழைய டீசல் டாக்ஸி மஞ்சூர் ஏற்றத்தில் கரும்புகை கக்கித் திணறியபோது, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ தேய்ந்துவிட்டதென்று நானே கண்டுபிடித்தேன். புதியதை வாங்கிக்கொண்டு, குன்னூரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் செல்வியிடம் போனேன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் பள்ளித்தோழி அவள்.

"மாட்டிக் குடு, போதும்" என்றேன்.

"பழசு ஏன் போச்சுன்னு பாக்க வேண்டாமா, இஞ்சினியரம்மா?" என்று சிரித்தவள், டர்போவுக்கு ஆயில் போகும் குழாயைக் கழற்றி நீட்டினாள். "ஊது."

கன்னம் வலிக்க ஊதியும் காற்று போகவில்லை. உள்ளே கரி அடைத்திருந்தது. அப்படியே மாட்டியிருந்தால் ஆயில் கிடைக்காமல் புதியதும் போயிருக்கும். அப்பாவின் பிழைப்பும் நின்றிருக்கும்.

செல்வி குழாயையும் மாற்றினாள். மறுநாள் வண்டி ஏற்றத்தில் சீறிப் பாய்ந்தது.

"எல்லாம் எம்புள்ள படிச்ச படிப்பு!" என்று டாக்ஸி ஸ்டாண்டில் அப்பா சொன்னார்.

ஒரு நொடி அதை ரசித்தேன். பிறகு, "நானில்லீங்கப்பா, செல்வி" என்றேன். அவள் பெயரைச் சொன்னபோது என் பெருமை துளியும் குறையவில்லை.