தபால்காரர் நடக்கும் கோடு

என் வீட்டுக்காரிக்குத் தபால் இலாகாவில் வேலை. எந்தத் தெருவுக்கு எந்த அஞ்சல் எண் என்று பிரித்துக் கொடுக்கிற வேலை. ஆறு எண்ணை எழுதிவிட்டுச் சம்பளம் வாங்குகிறாயே என்று நான் சீண்டாத நாள் இல்லை. நான் வேன் ஓட்டுகிறவன். எனக்குத் தெரியாத சந்து கிடையாது என்ற திமிர் உண்டு. அவளோ உட்கார்ந்த இடத்திலிருந்தே, எந்தச் சந்தில் எந்தப் பக்கத்து வாசல் எந்தத் தபால் அலுவலகத்தைச் சேர்ந்தது என்று சொல்லிவிடுவாள். இவள் மனுஷிதானா என்று எனக்கே சந்தேகம் வரும்.

நெடுஞ்சாலையை அகலப்படுத்தி நடுவில் வேலி போட்டதும், இந்தப் பக்கத்தில் ஒரு வரிசை வீடுகள் மாட்டிக்கொண்டன. அவற்றின் தபால் அலுவலகம் அந்தப் பக்கம். தபால்காரர் மேம்பாலம் வரை போய்ச் சுற்றிக்கொண்டு, வெயில் ஏறிய பிறகுதான் வருவார். அந்த வரிசையில் ஒரு தையற்காரம்மா. அவருடைய மகளுக்குச் சின்ன வயதிலேயே சர்க்கரை. தினமும் ஊசி போட்டாக வேண்டும். மருந்து வெளியூரிலிருந்து ஐஸ் வைத்த பெட்டியில் தபாலில் வரும். வந்து சேர்வதற்குள் ஐஸ் தண்ணீராகியிருக்கும். கெட்டுப்போன மருந்தைப் போட்டு, பள்ளிக்கூடத்திலேயே அந்தப் பெண் மயங்கி விழுந்திருக்கிறாள்.

இது காதுக்கு வந்ததும், அந்த வரிசையை இந்தப் பக்கமே பின்தெருவில் இருக்கிற தபால் அலுவலகத்தோடு சேர்த்துவிடலாம் என்று என் வீட்டுக்காரி மேலிடத்தில் பேசிச் சம்மதம் வாங்கினாள். குடியிருப்பவர்களும் சரி என்றால் போதும். ஆனால் வரிசை மொத்தமும் முடியாது என்றது. முதல் ஆளாக முடியாது என்றவர் தையற்காரம்மாதான். இவளுக்கு அது ஜீரணமாகவில்லை. விடுமுறை நாளில் என்னை வேனை எடுக்கச் சொன்னாள்.

தையற்காரம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"கோடு மாத்தத்தானே வந்திருக்கீங்க? போன தடவை கோடு போட்டவங்க என் முன் ரூமையே எடுத்துட்டாங்க."

சுவரைக் காட்டினார். சாலை போட்டவர்கள் இழுத்த சிவப்புக் கோட்டில் பாதி இன்னும் அங்கே இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அஞ்சல் எண்ணைத்தான் எல்லோரும் பின்கோடு, கோடு என்கிறோமே! எவனோ வந்து "உங்க கோடு மாறுது" என்று சொல்லிவிட்டுப் போக, வீட்டை இடிக்கப்போகிறார்கள் என்று வரிசையே நடுங்கியிருக்கிறது. அவனை நாலு அறை விட்டால் என்ன என்று இருந்தது எனக்கு.

என் வீட்டுக்காரி வாதாடவில்லை. துணியில் குறி வைக்கிற சாக்பீஸைக் கேட்டு வாங்கி, வாசலிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, தரையில் ஆறு எண்களையும் பெரிதாக எழுதினாள். முதல் எண்ணை மட்டும் விட்டு மற்றதைக் கையால் மூடினாள். இது நாட்டில் ஒரு பெரிய பாகம் என்றாள். கையைக் கொஞ்சம் நகர்த்த, இரண்டாவது எண்ணில் அந்தப் பாகம் சுருங்கியது. மூன்றாவதில் பைகளைப் பிரிக்கிற கூடம் தெரிந்தது. கடைசி மூன்றும் வெளியே வந்தபோது ஒரே ஒரு தபால் அலுவலகம்தான் மிச்சம். அத்தனை பெரிய நாடு அவள் உள்ளங்கைக்கு அடியில் சுருங்கிச் சுருங்கி அந்த வாசலுக்கு வந்துவிட்டது. எனக்குப் புல்லரித்தது. இத்தனை வருஷம் இதையா கேலி செய்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

"இது நிலத்துல போடுற கோடு இல்லக்கா. தபால்காரர் எங்கேர்ந்து நடந்து வரணும்னு சொல்ற நம்பர். உங்க வீடு இம்மிகூட அசையாது. அவர்தான் பின்தெருவுலேர்ந்து வருவார்."

கடைசி எண்களை அழித்துப் புதிதாக எழுதினாள். தையற்காரம்மா வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுவத்துல எதுவும் எழுத மாட்டீங்களே?"

"மாட்டேன்."

"மருந்து?"

"சில்லுனு வரும்."

அப்படிச் சொல்லிவிட்டாளே தவிர, அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சூடாக வந்தால் அந்த அம்மா முகத்தில் எப்படி விழிப்பேன் என்று புலம்பித் தள்ளினாள்.

புதிய எண்ணில் முதல் பெட்டி வருகிற அன்று லீவு போட்டாள். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அந்தப் பெட்டியைக் கட்டியவர், ரயிலில் ஏற்றியவர், கூடத்தில் பிரித்தவர், யாருக்கும் இந்தப் பெண்ணைத் தெரியாது. ஆறு எண் மட்டுந்தான் தெரியும். அதை நம்பித்தான் நாங்கள் நாலு பேரும் வாசலில் நின்றோம்.

வெயில் படியேறுவதற்கு முன்பே தபால்காரர் பின்தெருவிலிருந்து எங்கள் பக்கம் திரும்பினார்.

தையற்காரம்மா பெட்டியைப் பிரித்து, ஐஸ் பையை எடுத்து மகளின் கன்னத்தில் வைத்தார். பெண் துள்ளி விலகினாள்.

"சில்லுனு இருக்கும்மா."

தையற்காரம்மா உள்ளே போய் சாக்பீஸை எடுத்து வந்தார். சுவரில் அந்தச் சிவப்புக் கோட்டின் மேலேயே ஆறு எண்களையும் எழுதினார். கடைசி எண் கொஞ்சம் கோணல். என் வீட்டுக்காரி அதைக் கவனிக்கவில்லை, அழுதுகொண்டிருந்தாள்.