இழுத்தது என் கை அல்ல

காரின் முன்பக்கம் பள்ளம் மேட்டின் அதிர்ச்சியைத் தாங்கும் அப்சாபர் இரண்டையும் மாற்றிக் கொடுத்தவர் என் நாத்தனாரின் கணவர். சுங்கை பினாங்கில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். எங்கள் குடும்பத்தில் யாருடைய கார் என்றாலும் அவரிடம்தான் போக வேண்டும். வேறு இடத்தில் காட்டினோம் என்று தெரிந்தால், நாத்தனார் அடுத்த தீபாவளிக்கு எங்கள் வாசல்படி மிதிக்க மாட்டார்.

மறுநாள் கெலுகோரில் இருக்கும் என் ஆபீசுக்கு ஓட்டிப் போனபோதே கார் இடதுபக்கம் இழுத்தது. பள்ளத்தில் இறங்கும்போது வந்த பழைய சத்தம் போய்விட்டது, வாஸ்தவம்தான். ஆனால் ஸ்டியரிங்கை வலதுபக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. கொஞ்சம் அசந்தால் ஓரமாக வரும் மோட்டார் சைக்கிள்களின் மேல் சாயும். போய்ச் சேர்வதற்குள் தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது.

கணவரோடு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோய், கார் இழுக்கிறது என்று சொன்னேன். நாத்தனாரின் கணவர், என் கணவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“காடி ஓகேதான் மச்சான். தங்கச்சி கைதான் இழுக்குது. பொம்பளைங்க சிலருக்கு அப்படி ஒரு பழக்கம் லா.”

டீயில் சீனி போதவில்லை என்றால் நாலு தரம் சொல்லிக் காட்டும் என் கணவர், அங்கே தலையை ஆட்டிக்கொண்டு நின்றார்.

அடுத்த வாரம் ஒரு மோட்டார்காரரின் கண்ணாடியில் என் கார் உரசிவிட்டது. நல்லவேளை, அவர் விழவில்லை. நன்றாகத் திட்டிவிட்டுப் போனார். அதை வீட்டில் வந்து சொன்னதுதான் நான் செய்த முட்டாள்தனம். மாலையே நாத்தனார் போனில் வந்தார். “இனிமே நீ ஓட்டாதம்மா. தம்பியே ஏத்தி எறக்கட்டும்.” கணவர் சாவியை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். என் சம்பளத்தில் வாங்கிய கார்!

ஞாயிற்றுக்கிழமை அவர் எழுந்திருப்பதற்குள் சாவியோடு கிளம்பினேன். தரை மட்டமான பெரிய கார்பார்க் ஒன்று காலியாகக் கிடந்தது. மெதுவாக ஓட்டி, ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தேன். கார் இடதுபக்கம் போனது. திருப்பி எதிர்த்திசையில் ஓட்டினேன். அப்போதும் இடதுபக்கம்தான். தரைச் சரிவு என்றால் இப்போது வலதுபக்கம் அல்லவா போயிருக்க வேண்டும்? இறங்கிச் சக்கரங்களின் அருகே கை வைத்துப் பார்த்தேன். பிரேக் பிடித்திருந்தால் ஒரு பக்கம் மட்டும் கொதிக்கும். இரண்டும் ஒரே சூடுதான். டயர் கடைக்குப் போய் முன்டயர்களை இடம் மாற்றிப் போடச் சொன்னேன். கோளாறு டயரில் இருந்தால் இழுப்பும் பக்கம் மாறும். மாறவில்லை.

கார்பார்க்குக்கே திரும்பி வந்து, போனில் ஒரு வீடியோவில் பார்த்தபடி, நூலில் ஒரு பூட்டைக் கட்டிச் சக்கரத்தின் உச்சியிலிருந்து தொங்கவிட்டேன். வலது சக்கரத்தில் நூல் மேலிருந்து கீழ்வரை ஒட்டி நின்றது. இடது சக்கரத்தில் கீழே ஒரு விரல் நுழைந்தது. சக்கரத்தின் உச்சி வெளிப்பக்கம் சாய்ந்திருந்தது! அப்படிச் சாய்ந்த சக்கரம் காரைத் தன் பக்கமே இழுக்கும்.

நாத்தனாரின் கணவருக்கு மட்டும் ஏன் தெரியவில்லை? அவர் எப்போதும் ஓட்டிப் பார்க்கும் தெருவுக்கே போனேன். ஒருவழித் தெரு. இடது ஓரம் முழுக்க நிறுத்திய கார்கள், அதனால் வலது ஓரமாகத்தான் போக முடியும். மழைத்தண்ணீர் வடிவதற்காக நடுவில் மேடாகப் போட்ட ரோடு அது. வலது பாதி வலதுபக்கம் சரிகிறது. சக்கரம் இடதுபக்கம் இழுக்க, சரிவு வலதுபக்கம் தள்ள, கார் சமத்தாக நேரே போகிறது. இத்தனை வருஷமாக எல்லாக் காரையும் இந்தத் தெருவில் ஓட்டித்தானே ஓகே சொல்லியிருக்கிறார்! எத்தனை பெண்களின் கையைக் குறை சொல்லி அனுப்பினாரோ!

மறுநாள் கணவரையும் கூட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போய் நூலைத் தொங்கவிட்டுக் காட்டினேன். நாத்தனாரின் கணவர் குனிந்து பார்த்தார். அப்சாபரைச் சக்கரத்தோடு பிடித்திருக்கும், அன்று அவரே கோணலாக முறுக்கிய போல்ட்டுகளைத் தளர்த்தி, சக்கரத்தின் உச்சியை உள்ளே தள்ளி நேராக்கி, மறுபடி முறுக்கினார்.

“இத அன்னைக்கே வெவரமா சொல்லியிருந்தா, அன்னைக்கே முடிச்சிருப்பேன் தங்கச்சி.”

“காடி இழுக்குதுன்னு சொன்னேன் அண்ணே. வேற எப்படிச் சொல்லணும்?”

காதில் விழாதவர் மாதிரி சாவியை என் கணவரிடம் நீட்டினார். “ஓட்டிப் பாரு மச்சான்.”

நடுவில் கையை விட்டுச் சாவியைப் பறித்துக்கொண்டேன். கணவர் முணுமுணுத்துக்கொண்டே பக்கத்து சீட்டில் ஏறினார். நேராகக் கார்பார்க்குக்கு விட்டேன். வேகம் பிடித்ததும் இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்தேன்.

“பிடி, பிடி!” என்று அவர் கதவைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

கார் கோடு போட்ட மாதிரி நேராகப் போனது. இரண்டு கையையும் அவர் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினேன்.

“நல்லாப் பாத்துக்குங்க. இதுதான் இழுத்த கை.”