புத்தர் படம் என்று நினைத்துப் போன பேய்ப்படம்

பேய்ப்படம் என்றால் என் பேரப்பிள்ளைகள் கண்ணைப் பொத்திக்கொள்வார்கள். நான் கையெடுத்துக் கும்பிடுவேன். சிரித்தால் சிரிக்கட்டும். எனக்கு ஒரு பேய் செய்த உதவியை மனுஷர் யாரும் செய்ததில்லை.

தங்கச் சுரங்கத்தில் பாறை சரிந்து அப்பா போனபோது நான் அம்மா வயிற்றில் இருந்தேன். பிறந்த என்னைத் தூக்கிப் பார்த்த அத்தை, அப்பாவுக்கு இருந்த அதே இடத்தில், இடது காதுக்குப் பின்னால், ஒரு மச்சத்தைக் கண்டுவிட்டாள். "என் தம்பி எங்கயும் போவல, இதோ வந்துட்டான்!" என்று ஸ்கெலட்டன் என்கிற எங்கள் குடியிருப்பு முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதாளாம். நாங்கள் பௌத்தக் குடும்பம். ஆன்மா என்று ஒன்று கிடையாது, ஆனால் மறுபிறப்பு உண்டு என்பார்கள் எங்கள் விகாரையில். அம்மா அதில் பின்பாதியை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அதோடு நான் பிள்ளை என்கிற பதவியை இழந்தேன். அப்பாவின் டம்ளரில்தான் எனக்குக் காபி. மீன் வாங்கினால் நடுத்துண்டு எனக்கு. நான் சாப்பிட்டு எழாமல் அவள் சோற்றில் கை வைக்க மாட்டாள். "இன்னா கொழம்பு வைக்கட்டுங்க?" என்று நாலு வயசுப் பொடியனிடம் கேட்பாள். எனக்கு வைத்தது அப்பாவின் பெயர். அதை ஒரு நாளும் அவள் வாயால் சொன்னதில்லை. பானையை உடைத்தாலும் திட்டு கிடையாது. பக்கத்து வீட்டுப் பையன்களை அவர்கள் அம்மாக்கள் துடைப்பத்தோடு துரத்தும்போது எனக்கு வயிறு எரியும். கொடுத்து வைத்த பயல்கள்!

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். பள்ளிக்கூடம் கிளம்பும்போதெல்லாம் வாசல்வரை வந்து, "போன தபா மாதிரி சொல்லாம கொள்ளாம போயிடாதீங்க" என்பாளே, அதுதான் என்னைக் கொன்றது. நான் சாகாத சாவுக்கு என்ன பதில் சொல்வது? அவள் மடியில் படுத்து அழ வேண்டும் போலிருக்கும். வீட்டுக்காரர் அழலாமா? அடக்கிக்கொண்டு ஓடிவிடுவேன்.

எனக்குப் பத்து வயதிருக்கும். ராபர்ட்சன்பேட்டை தியேட்டரில் ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு ஏதோ ஒரு கீழை நாட்டுப் படம் வந்தது. போஸ்டரில் மொட்டைத்தலையும் காவித்துணியுமாக ஒரு பிக்கு, பின்னால் பெரிய புத்தர் சிலை. போதாதா? புத்தர் சரித்திரம்தான் என்று முடிவு கட்டி, எங்கள் பெண்களெல்லாம் பௌர்ணமிக்கு விகாரைக்குப் போகிற மாதிரி வெள்ளைப் புடவை கட்டி, கையில் பூவோடு கிளம்பிவிட்டார்கள். டிக்கெட் கிழிக்கிறவர் திருதிருவென்று முழித்தார்.

படம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் ஒருத்தி செத்துப் பேயானாள். "அய்யய்யோ, இன்னாடி இது!" என்று அத்தை முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். அம்மா அசையவில்லை. பிறகு அந்தப் பேயின் புருஷனும் சாகிறான். வேறொரு வீட்டில் குழந்தையாகப் பிறக்கிறான். பேய் எப்படியோ அவனைக் கண்டுபிடித்துத் தொட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறது. விசிறுகிறது, ஊட்டுகிறது, காலைப் பிடித்து விடுகிறது. பிள்ளையோ நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போகிறது.

கடைசியில் போஸ்டரில் இருந்த பிக்கு வந்து பேயிடம் பேசினார். பாஷை யாருக்கும் புரியவில்லை. கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடியது. "இன்னா சொல்றாரு? படிச்சிச் சொல்லுங்க" என்று அம்மா என்னைக் கேட்டாள். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். நல்ல வேளை, பிக்கு நிறுத்தி நிதானமாகப் பேசினார். எனக்கு வந்த தமிழில் அம்மாவின் காதில் சொன்னேன்.

"இவன் உன் புருஷன் இல்ல. அவன் செஞ்ச வினைதான் வந்திருக்கு, அவன் வரல. புள்ள புள்ளயா இருக்கட்டும். விட்டுடு."

அம்மா திரையை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். விகாரையில் எத்தனையோ பேர் அவளுக்குச் சொல்லி அலுத்துப்போன விஷயம்தான் அது. ஆனால் அன்றைக்குச் சொன்னது அவள் புருஷன். புருஷன் பேச்சை அவள் தட்டியதே இல்லை.

படம் விட்டு வெளியே வந்தோம். எதிர்ப்பக்கம் ஐஸ் வண்டியைப் பார்த்ததும் நான் ரோட்டில் பாய்ந்தேன். பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு உரசினாற்போலப் போனது. பின்னாலிருந்து ஒரு கை என் காலரைப் பிடித்து இழுத்தது. முதுகில் பளாரென்று ஒன்று விழுந்தது.

"எருமை! கண்ணு இன்னா பொடனியிலயா கீது? உனக்கு ஒண்ணுன்னா நான் எங்கடா போவேன்?"

பஜாரே திரும்பிப் பார்த்தது. நான் ஓவென்று அழுதேன். பத்து வருஷத்து அழுகை. அம்மா பதறிப்போய் நடுத்தெருவில் உட்கார்ந்து, என்னை மடியில் இழுத்துப் போட்டு முதுகைத் தடவினாள்.

"வலிக்குதாடா?"

"இன்னொண்ணு அடிம்மா" என்றேன்.